மாட்டைத்தான் விற்றோம்

‘அன்பான எங்கள் குடும்பமே’ என்று தொடங்கி இன்று காலை உனக்கு ஒரு கடிதம் வந்தது. கடையைத் திறந்து மாட்டுக் குடற்புழு மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் போனில் வந்து விழுந்தது. உனக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது என்பதால் அந்தக் கம்பெனியில் உன் கணக்கை என் மின்னஞ்சலில்தான் ஆரம்பித்திருந்தோம். அதனால் நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்த பிறகும் அவர்கள் உன்னைக் கொஞ்சுவதை நான்தான் உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. குடும்பமாம்! உன்னைத் தூக்கிய அன்று இந்தக் குடும்பத்தார் ஒருத்தரையும் வடகரப்பதிப் பக்கம் காணோம்.

எந்தக் கம்பெனி என்று உனக்குத் தெரியும். ‘உப்புக் கோட்டை’ என்று ஒரு பலகை விளையாட்டை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி, பெட்டியைச் செய்வதற்கு முன்பே படத்தை மட்டும் காட்டி உலகமெல்லாம் பணம் திரட்டிய உத்தமர்கள். இதில் ஒரு சாமர்த்தியம் கவனித்தாயா? பணம் கொடுத்தவனை அவர்கள் வாங்குபவன் என்று சொல்வதே கிடையாது. ஆதரவாளர் என்பார்கள். வாங்கியவன் என்றால் ‘சரக்கு எங்கே’ என்று சட்டையைப் பிடிப்பான். ஆதரவாளன் எதைப் பிடிப்பான்? கைதட்டிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதான்.

உன்னைப் போன்ற ஒருவன் இதில் விழுந்தான் என்பதுதான் எனக்கு இன்றுவரை செரிக்காத விஷயம். வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் உன்னை ஏமாற்றப் பிறந்தவன் கிடையாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பாய், சுழி பார்ப்பாய், நடக்க விட்டுப் பார்ப்பாய். மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விற்க வந்தவன் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பாய். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராமல் மாட்டுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்து, குடிக்கிற அழகைப் பார்ப்பாய். அப்பேர்ப்பட்ட தரகன், கம்ப்யூட்டரில் வரைந்த ஒட்டகத்தின் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாய்.

எல்லாம் ஊரடங்கில் வந்த வினை. சந்தை பூட்டிக் கிடந்தது. பொழுது போகாமல் நீ என் கடை வாசலில் வந்து குந்திக்கொள்வாய். கோயமுத்தூரில் வேலை பார்த்த உன் அக்கா மகன் ஒரு விளையாட்டுப் பெட்டியை உன் வீட்டில் விட்டுப் போயிருந்தான். துறைமுகத்தில் சரக்கை ஏலம் எடுத்துக் கப்பலில் ஏற்றுகிற ஆட்டம். நீ சரக்கு எடுக்கும்போது உன் முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசைய மாட்டாய். அந்த முகத்தை வைத்து எங்கள் எல்லோரையும் ஓட்டாண்டி ஆக்கினாய். எங்கள் என்றால் நான், பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் ஷைலஜா, மலைக்கு மாடு ஏற்றிப் போக வருகிற சாந்தன்பாறை லாரிக்காரர் ஆரோக்கியம். ஊரடங்கு தளர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கடைக்குப் பின்னால் கூடினோம். அவ்வளவோடு நின்றிருக்கலாம். உனக்குப் போதவில்லை.

உப்புக் கோட்டைக்குப் பணம் கட்டும் கடைசி நாள் சந்தை நாளாக வந்து வாய்த்தது. கூட்டம் சேரச் சேரப் பெட்டிக்குள் ஏதாவது ஒன்று கூடும் என்று கம்பெனிக்காரன் ஆசை காட்டியிருந்தான். இன்ன தொகையைத் தாண்டினால் இன்னொரு ஒட்டகம், அதையும் தாண்டினால் ஒட்டகத்துக்குக் குட்டி. நீ ஒரு எருமைக்குத் தரகு பேசிக்கொண்டிருந்தாய். துண்டுக்கு அடியில் வலது கை, விற்க வந்த பொள்ளாச்சிக்காரர் விரலைப் பிடித்து விலை சொல்லிக்கொண்டு. இடது கையில் போன். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பணம் அந்தத் தொகையைத் தாண்டி, பெட்டிக்குள் ஒட்டகக் குட்டி விழுந்தது. சந்தோஷத்தில் நீ அந்த மனிதரின் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தாய் பார், அவர் அதையே விலையாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார். வியாபாரம் முடிந்தது. பிளாஸ்டிக் ஒட்டகத்துக்காக எருமை விலையை ஏற்றிவிட்ட ஒரே தரகன் இந்தப் பூமியில் நீதான். வாங்கச் சொன்னவரிடம் அன்று நீ அசடு வழிந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆனால் அந்த நிமிஷம் உன் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அதை மறைக்கவில்லை. அதைக் காசாக்கத் தெரிந்தவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாலு பெட்டியாக எடுத்தால் கப்பல் கூலி மிச்சம் என்று எங்கள் மூவர் பணத்தையும் நீயே வாங்கினாய். ஷைலஜா கொஞ்சம் தயங்கினாள். நீ நெஞ்சில் தட்டிச் சொன்னாய், “அச்சாரம் கைமாறுச்சுன்னா மாடு வந்தே தீரோணுமுங்க. நானாச்சு.”

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. அவற்றை ஞாயிறுதோறும் தமிழில் சொல்லிக் காட்டுவது என் தலையெழுத்து. ஒரு மாதம் அச்சு தாமதம். ஒரு மாதம் ஒட்டகத்தின் கால் சரியாக வார்க்கப்படவில்லை. அடுத்து, படம் வரைகிறவரின் மனநிலை சரியில்லை, எல்லோரும் அன்பாக இருங்கள். அதற்கும் அடுத்து கப்பல் கூலி ஏறிவிட்டது, ஆதரவாளர்கள் இன்னும் கொஞ்சம் ஆதரிக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் ‘மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்’. பெட்டி வரவில்லை என்பதை இத்தனை மகிழ்ச்சியோடு தெரிவிக்க எத்தனை தடித்த தோல் வேண்டும்! நீயோ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, “பாவம், அவனுக்கென்ன கஷ்டமோ” என்பாய். சந்தையில் ஒரு நாள் தாமதித்தவனைத் திட்டித் தீர்க்கிற வாய் அது. அப்புறம் கடிதமும் நின்றது. கேட்டவர்களின் கேள்விகளைத் தங்கள் இணையப் பக்கத்திலிருந்து வரிசையாக அழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் மட்டும் தாமதமே கிடையாது.

வினை ஷைலஜா வாயில் வந்தது. அவள் கெட்டவள் இல்லை, ஆனால் இடம் பொருள் பார்க்கத் தெரியாது. நட்டநடுச் சந்தையில் உன்னைப் பார்த்து, “அண்ணா, நம்ம பெட்டி வந்நோ? காசு குடுத்திட்டு எத்தர நாளாயி!” என்று மலையாளம் கலந்து கூவினாள். பெட்டி என்று அவள் சொன்னது, சந்தையைச் சுற்றி வருவதற்குள் மாடாகிவிட்டது. மறுவாரம் ஒரு வியாபாரி உன்னிடமே வந்து கேட்டார்.

“ஏனுங்க தரகரே, அந்தப் பஞ்சாயத்தம்மாகிட்ட அச்சாரம் வாங்கிப்போட்டு மாடு குடுக்கலீங்களாமா?”

உன் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. தரகனுக்கு நிலமும் கிடையாது, மாடும் கிடையாது, வாக்கு ஒன்றுதான் முதல். அது போனால் நாளைக்கு உன் துண்டுக்கு அடியில் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். எங்கேயோ ஒருத்தன் ஒட்டகக் காலைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க, இங்கே நீ பொய்யனாகிக்கொண்டிருந்தாய். காசைத் திருப்பிக் கொடுத்து முடித்துவிடு என்றேன். “காசு குடுத்தா மாடு வரலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமல்லொ மாப்ள?” என்றாய்.

அடுத்த ஞாயிறு வந்தவன், விளையாட்டின் விதிப் புத்தகத்தை அச்செடுத்துக் கொடு என்று என் முன்னால் உட்கார்ந்தாய். அந்தக் கம்பெனி ஒழுங்காகக் கொடுத்த ஒரே பொருள் அந்த விதிப் புத்தகம்தான், அதுவும் கணினிக் கோப்பாக. கொழிஞ்சாம்பாறையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வீணாய்ப் போன அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தாய். அவற்றின் முதுகில் ஆட்டத்துக்கான உப்பு வியாபாரி படங்களை அச்சடித்தோம். அதனால் நம் வியாபாரிகளைத் திருப்பினால் பிள்ளையாரும் பாதி மணமகள் பெயரும் இருக்கும். நாணயத்துக்கு என் கடையில் கிடந்த, மாட்டுக் காதில் குத்துகிற மஞ்சள் வில்லைகள். ஒட்டகத்துக்கு மாட்டுக் கழுத்து நீல மணி. நாலு பெட்டி. ஷைலஜா பெட்டியைப் பஞ்சாயத்து ஆபீஸில் கொடுக்காமல், சந்தை நாளில், அதே வியாபாரி பார்க்கும்படி, நடுச் சந்தையில் வைத்துக் கொடுத்தாய். “மாடு வந்துருச்சுங்க. எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க” என்றாய். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தரகர் கொடுத்துவிட்டார் என்பது மட்டும் விளங்கியது. அது போதும் உனக்கு.

இத்தனைக்கும் பிறகு ஆடிப் பார்த்தோமே, அந்த ஆட்டம்! அதைப் போல ஒரு சப்பையான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு முறை விலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதிகம் சொன்னவனுக்கு உப்பு. அவ்வளவுதான் கோட்டை. இதற்குத்தான் உலகம் முழுக்க ஆதரவாளர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெட்டி வராததே அவர்கள் செய்த புண்ணியம். ஆரோக்கியம் அட்டையைக் கீழே போட்டார்.

“என்ன அண்ணாச்சி இது? எங்க எஸ்டேட்ல காலைல மஸ்டருக்கு ஆளு எண்ணப் பேரு கூப்பிடுதது இதவிட ஜோரா இருக்குமே.”

நீ பலகையை உன் பக்கம் இழுத்தாய். பிறகு, “வெலய வாயத் தொறந்து சொல்லிப்போட்டா அப்பறம் என்னத்த யாவாரம்?” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து, உன் கைமேலும் ஆரோக்கியம் கைமேலும் போட்டாய். விரலில் விலை. கேட்கிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் மட்டும் தெரியும். பார்க்கிறவன் முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே அட்டை, அதே மணி, ஆனால் அன்று இருட்டும் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஷைலஜா ஒரே வாரத்தில் பொய்யாய் விரல் பிடிக்கக் கற்றுக்கொண்டு உன்னையே கவிழ்த்தாள். நீ தோற்றதற்குச் சந்தோஷப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மழை பிடிப்பதற்குள் காய்ச்சல் என்று பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. உன் சம்சாரம் அந்தத் துண்டை என்னிடம் கொடுத்து, “நீங்களே வெச்சுக்குங்கண்ணா, இங்கிருந்தா பாக்க முடியலீங்க” என்றது. நானும் பார்க்க முடியாமல்தான் வைத்திருக்கிறேன்.

இன்றைய கடிதத்துக்கு வருகிறேன். உப்புக் கோட்டை இரண்டாம் பதிப்பாம். முதல் பதிப்பே வரவில்லை, இவர்களுக்கு இரண்டாம் பதிப்பு! ஆட்டம் கொஞ்சம் தட்டையாக இருப்பதாக அவர்களுக்கே இப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஆகவே அன்பான குடும்பம் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்ட புது விதிகளை எழுதி அனுப்பலாமாம். நல்ல விதியை ஆட்டத்தில் சேர்த்து, அனுப்பியவர் பெயரைப் பெட்டியில் அச்சடிப்பார்களாம். யோசனைக்கும் நம்மிடமே வருகிறார்கள். பிச்சைக்காரனுக்குக்கூட ஒரே வீட்டில் இரண்டு தரம் தட்ட வெட்கமாக இருக்கும்.

ஷைலஜாவிடம் காட்டினேன். அனுப்பச் சொல்லி அவள் குதித்தாள். “அயச்சுக் கொடு அண்ணா! அவரோட பேரு பெட்டி மேல வரும். வெளிநாட்டிலே எல்லாம் போகும். அவர் இருந்தா எத்தர சந்தோஷப்படும்!”

அதுதான் சங்கடம். நீ சந்தோஷப்பட்டிருப்பாய், எனக்குத் தெரியும். பெட்டியில் உன் பெயர் என்றால் சந்தை முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பாய். எருமையின் கொம்பில்கூட ஒட்டியிருப்பாய். அப்படிப்பட்ட ஆசைக்காரன்தான் நீ. கடையில் கூட்டமில்லாத மதியத்தில் விதியை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ‘ஒரு துண்டு தேவை’ என்று முதல் வரி. அந்த வரியைப் படித்ததும் நிறுத்திவிட்டேன். அவர்கள் அதற்கும் ஒரு படம் போடுவார்கள். மினுமினுவென்று ஒரு துண்டைத் தைத்து, கூடுதல் பணம் கட்டினால் கூடுதல் துண்டு என்பார்கள். அதுவும் வராது. வராததை மகிழ்ச்சியோடு தெரிவிப்பார்கள், உன் பெயரோடு. மறுபடியும் உன் பெயரில் அச்சாரம் வாங்கிவிட்டு மாடு கொடுக்காமல் போவார்கள்.

அப்போது எனக்கு ஒரு சந்தை நாள் ஞாபகம் வந்தது. உன் வீட்டுச் சிவப்புப் பசுவை விற்றாய். நம் பக்கத்து வழக்கப்படி விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வான், வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். வாங்கிய ஆள் கயிறு இல்லாமல் வந்துவிட்டு, அதையும் சேர்த்துக் கொடு என்று நச்சரித்தான். கூட நாலு காசு போடுகிறேன் என்றான். நீ நிதானமாக முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு அவனுக்கு ஒரு பதில் சொன்னாய்.

அந்தப் பதிலைத்தான் அனுப்பினேன், ஆங்கிலத்தில் அல்ல, நீ பேசிய பேச்சிலேயே, தமிழ் எழுத்தில். வேண்டுமானால் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும், உலகமெல்லாம் குடும்பம் வைத்திருப்பவர்கள்தானே.

‘மாட்டத்தானுங்க வித்தோம். கயித்த விக்கலீங்க.’

அடுத்த நொடியே இயந்திரம் பதில் போட்டது. உங்கள் அருமையான யோசனைக்கு நன்றி, பதிவு செய்துகொண்டோம் என்று. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நீ இல்லாத எரிச்சலில் உன்னையும் சேர்த்துத் திட்டினேன்.

ஆரோக்கியம் நாளைக்கு மலையிலிருந்து இறங்குகிறார். ஷைலஜாவும் உன் பெயரை அனுப்பவில்லை என்று முறைத்துக்கொண்டே வந்துவிடுவாள். மூன்று பேருக்கு அந்த ஆட்டம் நொண்டுகிறது. ஆனாலும் ஆடுகிறோம். துண்டை நான் துவைக்கவில்லை. அதற்கு அடியில் யாராவது என் விரலை அழுத்தும்போது, அது எந்தக் கை என்று ஒரு நொடி பார்க்காமல் இருப்பேன்.