பெட்டியில் ஒரு ட்ரையல்

மார்ச் 3, செவ்வாய்
ரெண்டு சட்டை, ஒரு பள்ளிச் சீருடை தைத்தேன். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "எழுபத்தோரு வயசுக்குப் பரவாயில்லை" என்றார். இது பாராட்டா, எச்சரிக்கையா?

வீட்டுக்கு வந்ததும் காது மிஷினைக் கழற்றி வைத்தேன். தனி ஆள். பேச யார் இருக்கிறார்கள்?

மார்ச் 4, புதன்
சாவுக்குப் பயமில்லை. அதற்கப்புறம் என் பெண்கள் என்ன செய்வார்கள் என்றுதான் பயம்.

ரெண்டு வருஷம் முன்பு அவர்கள் அம்மா கண்ணை மூடியதும், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்தது. பெரியவள் எரிக்கணும் என்றாள். சின்னவள் புதைக்கணும் என்றாள். "அம்மா என்னப்பா சொன்னாங்க?" என்று ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவன், இதை மட்டும் கேட்கவேயில்லை. கடைசியில் பெரியவள் இஷ்டப்படி எரித்தோம். அன்றிலிருந்து பேச்சில்லை. எலியும் பூனையும்கூட ஒன்றையொன்று பார்க்கவாவது செய்யும்.

என்னுடையதை நானே முடிவு செய்து எழுதி வைக்கப்போகிறேன்.

மார்ச் 7, சனி
போன் போட்டு விசாரித்தேன். தகன மேடைக்காரர் மின்சாரம், எரிவாயு என்று பொறுமையாக விளக்கினார். கல்லறைத் தோட்டத்து அம்மா, மேலே மரம்கூட நடலாம் என்றாள். "யாருக்குங்க?" "எனக்குத்தாம்மா." டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

ஆனால் எரி என்றால் பெரியவள் ஜெயித்தாள், புதை என்றால் சின்னவள். இருதலைக்கொள்ளி எறும்பாகிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்
மானம் போச்சு!

எதற்கும் விலை விசாரித்து வைப்போம் என்று சவப்பெட்டிக் கடைக்குப் போனேன். ஆர்டர் படிவத்தில் பெண்கள் ரெண்டு பேர் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். பெட்டிக்குள் துணி தைத்திருந்த லட்சணம் இருக்கிறதே, ஒரே சுருக்கம்! "நீளம் சரியா இருக்கும்" என்றார் கடைக்காரர். போட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்கினதும் இல்லை, விற்றதும் இல்லை. அவர் உள்ளே போன நேரம், காது மிஷினைப் பையில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். தோள் இடிக்கவில்லை. நல்ல பஞ்சு. மேலே ஃபேன். வயிற்றில் மதியச் சாப்பாடு.

தூங்கிட்டேன்.

தினமும் பெட்டி விற்கிற மனுஷன், தொட்டுப் பார்க்கப் பயந்து வாசலுக்கு ஓடி, ரெண்டு எண்ணுக்கும் போன் போட்டுவிட்டார். ஒருத்திக்குப் பக்கத்துத் தெருவில் வேலை, ஒருத்திக்கு அடுத்த தெருவில். யாரோ என்னை உலுக்குகிறார்கள். கண் திறந்தால் மேலே ரெண்டு முகம், ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஓவென்று அழுகின்றன.

"என்னம்மா, சேர்ந்து வந்திருக்கீங்க?" என்றேன், காது மிஷினை மாட்டிக்கொண்டே.

"அப்பா, உங்களை…" என்று சின்னவள் ஆரம்பித்தாள். "நானே கொன்னிருப்பேன்!" என்று பெரியவள் முடித்தாள். ரெண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து பேசிய முதல் வாக்கியம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்
பெரியவள் போன். "எதுக்குப்பா இதெல்லாம்?" சொல்லிவிட்டேன் — அம்மாவைக் கேக்காம விட்டது நான், அதுக்குச் சண்டை போடுறது நீங்க. அழுதேன். அவளும்.

மார்ச் 15, ஞாயிறு
சின்னவளிடம் இருந்து ஒரு யோசனை. மருத்துவக் கல்லூரிக்கு உடலைத் தானமாகக் கொடுக்கலாமாம். அட, இது ஏன் எனக்குத் தோணலை! எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். பிள்ளைகள் வெட்டிப் படிக்கட்டும். நானும் வாழ்நாள் முழுக்க வெட்டினவன்தானே. "அக்காகிட்டயும் கேளுங்க" என்றாள். அக்கா!

மார்ச் 22, ஞாயிறு
படிவத்தில் நெருங்கிய உறவினர் ரெண்டு பேர் கையெழுத்து வேண்டும். ரெண்டு பேரும் வந்தார்கள். பேனாவை எடுத்த பெரியவள் போடாமல் நின்றாள். "அன்னிக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டி." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்பவாவது கேட்டியே. போடுக்கா, பின்னாடியே நான் போடுறேன்."

போட்டார்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக.

இப்போது சமையலறையில் ஒரே ரகளை. என் டீக்குச் சர்க்கரை போடலாமா கூடாதா என்று வீடு ரெண்டுபடுகிறது. ஒரு மணி நேரமாக எழுத விடவில்லை. காது மிஷின் காதிலேயே இருக்கிறது.