எனக்கென்று ஒரு முதல் இதழ்

பிரியமுள்ள என் வீட்டுக்காரருக்கு,

பலர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் "சும்மா இரு ரெஜினா" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது அது முடியாது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. தெருமுனையில் கம்பெனி பஸ்கள் இன்னும் அதிகமாகிவிட்டன. காலையில் பால் வாங்கப் போகவே வழியில்லை. மற்றபடி சொல்ல ஒரே செய்திதான். எனக்குப் பொறாமை. கான்வென்ட் சிஸ்டர்களிடம் பத்து வருடம் நல்லொழுக்கம் படித்தவளுக்கு, அறுபத்தெட்டு வயதில், மாடி அறையில் குடியிருக்கும் மஞ்சுளாமேல் பொறாமை.

அவளுக்கு ஒரகடத்துக் கார் கம்பெனியில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் வேலை. ஓய்வு பெறும்வரை நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். அதனால் பேச விஷயம் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஞாயிறு மதியங்களில் மாடிப்படியில் உட்கார்ந்து நீங்கள் பேசியதெல்லாம் உங்கள் காமிக்ஸ் பற்றி, அந்தப் பறக்கும் வீரனைப் பற்றி. சமையலறை ஜன்னல் வழியே அரைகுறையாக என் காதில் விழுந்தது.

"எத்தினி வருசத்து கதை சார் இது! நான் எங்கேந்து புடிக்கறது?" என்று கேட்டாள்.

"பழசை விடும்மா. எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒண்ணாம் நம்பர்ல இருந்து புதுசா ஆரம்பிச்சிருக்கான். ரீபூட். புதுசா வர்றவங்க இங்கயே ஏறிக்கலாம்" என்றீர்கள்.

ஏறிக்கலாமாம்! பஸ்ஸை நிறுத்திக் கைகொடுத்து ஏற்றுவதுபோல. நாற்பத்தோரு வருடத்தில் என்னை ஒருமுறை ஏறச் சொன்னீர்களா? அந்த அலமாரியில் நான் தூசி தட்டியதோடு சரி.

போன வாரம் அவள் கீழே வந்து நின்றாள். "ஆன்ட்டி, நாலாவது வரைக்கும் சார் குடுத்தாரு. அஞ்சாவது இருந்தா குடுப்பீங்களா?" என்றாள். உங்களை சார் என்பாள், என்னை மட்டும் ஆன்ட்டி. என்ன சொன்னேன் தெரியுமா? என் தங்கை மகன் வருகிறான், மாத முடிவில் அறையைக் காலி செய்துவிடு என்றேன். அவள் "சரி ஆன்ட்டி" என்று படியேறிப் போனாள்.

அன்று மதியமே அலமாரியைத் திறந்தேன். அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியாமலா போய்விடும்? உங்கள் அடுக்கல் ஒழுங்கில்லாமல் இருப்பதாகத் தோன்றியது. எண் வரிசைப்படி அடுக்கினேன். ஒன்றாம் எண்ணில் நான்கு இதழ்கள் கிடைத்தன, அவற்றை ஒரு கட்டாக வைத்தேன். இரண்டாம் எண்கள் ஒரு கட்டு. பிறகு ஒன்றிலிருந்து முறையாகப் படிக்க உட்கார்ந்தேன்.

ஒன்றாம் எண் கட்டின் முதல் புத்தகத்தில் அவனுக்குக் கல்யாணம். அடுத்ததில் பள்ளிக்கூடம் போகிறான். மூன்றாவதில் அவனுடைய சவப்பெட்டி. நான்காவதில் மறுபடியும் இளைஞனாக நடந்துவருகிறான். அவனுடைய மனைவி எதிரே வருகிறாள், யாரோ எவளோ என்று அவன் அவளைக் கடந்து போகிறான். புது வாசகரை ஏற்றிக்கொள்வதற்காகக் கட்டிய பெண்டாட்டியை இறக்கிவிடுவார்களா?

அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. "பொறுமை. இவளை ஏன் மறந்தான் என்பது பிறகு தெரியும்." எவ்வளவு கனிவு அந்த எழுத்தில்! மாடியில் இருப்பவளுக்கு. புத்தகத்தை மூடிவிட்டேன்.

நேற்று மஞ்சுளா தன்னிடமிருந்த மூன்றையும் நான்கையும் திருப்பித்தர வந்தாள். தரையில் கிடந்த கட்டுகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அய்யோ, இன்னா ஆன்ட்டி இது? ஒண்ணாம் நம்பரெல்லாம் ஒரே கட்டா வச்சிகினு கீறீங்க!"

"நம்பர்படிதானே படிக்கணும்?"

"இது நாலும் நாலு தபா ஆரம்பிச்ச கதை. நம்பர பாத்து படிச்சா பைத்தியம்தான் புடிக்கும். வருசத்த பாருங்க." உட்கார்ந்து மளமளவென்று பிரித்து அடுக்கத் தொடங்கினாள். உங்கள் அலமாரி அவளுக்கு மனப்பாடம்.

பொறுக்க முடியாமல் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டிக் கேட்டுவிட்டேன். "இந்தச் சீட்டு உனக்கு எழுதினதா?"

"எனக்கா? எனக்கு இன்னாத்துக்கு பொறுமை? நான் பாட்டுக்கு படத்த பாத்துகினு போய்கினே இருப்பேன். கேள்வி கேக்கறவங்க நீங்க." சிரித்தாள். "கம்பெனில புது லைன் ஓடறதுக்கு முன்னாடி ட்ரையல் பீஸ் போட்டு பாப்போம்ல ஆன்ட்டி, அது நானு. 'உனக்கு எங்க தடுக்குதுன்னு சொல்லு, அங்க ரெஜினாவுக்கு கட்டாயம் தடுக்கும், இப்பவே சீட்டு வச்சிடறேன்'னுவாரு."

நான் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் மூன்றாம் இதழை விரித்து என் கையில் கொடுத்தாள். அதிலும் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. "உள்ளே போடுவதை வெளியே போட்டுக்கொண்டு திரிகிறானே என்று கேட்காதே. இந்த முறை அதை எடுத்துவிட்டார்கள்."

கல்யாணமான புதிதில் ஒருநாள் நீங்கள் இப்படி ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டினீர்கள். என் தங்கைகள் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். நான் அட்டையைப் பார்த்து இதே வார்த்தைகளைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனீர்கள். அதன்பிறகு நீட்டவே இல்லை. அவ்வளவு வலித்ததா?

"சார் கோவமா எழுதல ஆன்ட்டி. சிரிச்சிகினேதான் எழுதினாரு" என்றாள் மஞ்சுளா. அந்தச் சிரிப்பையும் அவள்தான் பார்த்திருக்கிறாள்.

அவளோடு சேர்ந்து அடுக்கிக்கொண்டே, தங்கை மகன் வரவில்லை என்றேன்.

"தெரியும். உங்க தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் பொண்ணுங்கதானாமே, சார் சொல்லிகீறாரு. இருங்காட்டுக்கோட்டைல ரூம் பாத்துட்டேன் ஆன்ட்டி, ஒரே ரூம்ல அஞ்சு பேரு."

"வேண்டாம்னு சொல்லிடு."

"சொல்லிட்டா போச்சு" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் என்னை மன்னித்ததிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவளை வைத்துச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு அத்தனை ஞாயிறு இருந்தது. உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்ல ஒரு ஞாயிறு இல்லையா? நான் மறுபடியும் சிரித்துவிடுவேன் என்று பயந்தீர்களா? சிரித்திருக்கலாம். அதற்காக நாற்பத்தோரு வருடமா?

சீட்டுகள் நான்காம் இதழோடு நின்றுவிட்டன. ஐந்தாவதைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மஞ்சுளா அதை இன்னும் படிக்கவில்லை. எனவே இது என் வாக்கு. ஐந்தாவதை முதலில் படிப்பவள் நான். தடுக்கும் இடத்திலெல்லாம் நானே சீட்டு எழுதி வைப்பேன். அதற்குப் பிறகுதான் அவளுக்கு.

நாற்பத்தோரு வருடம் உங்கள் மனைவி,
இப்போது புது வாசகி,
ரெஜினா