கும்பிடுபூச்சிக்கும் குச்சிப்பூச்சிக்கும் என்ன முறை?

என் அருமைப் பூச்சி அண்ணா,

மேலே போயும் நீ சும்மா இருக்கமாட்டாய். எந்தச் செடியையாவது குலுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். கையை உதறிவிட்டுக் கொஞ்சம் உட்கார், சேதி இருக்கிறது. உன் மகள் மலருக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளைக்குக் கம்பைநல்லூர். ஓசூரில் மலர் வேலை பார்க்கும் அதே கம்பெனி. ஆமாம், அவளே பார்த்த பையன்தான். அண்ணிக்குச் சம்மதம், எனக்கு இரட்டைச் சம்மதம். ஆனால் அவன் பாப்பாரப்பட்டிக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான் பார், அங்கே பிடித்தது சனி. அவன் அப்படியே உன்னைப் போல இருக்கிறான் அண்ணா! அதே கிளி மூக்கு. ஒரு எட்டு வைத்தால் ஒரு ஆட்டம் ஆடுகிற அதே நடை. அண்ணி அவன் கையில் காபியைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

நம் பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"நம்ம செல்வத்த உரிச்சு வெச்சிருக்குது. பங்காளி ரத்தம் இல்லாம இந்த மூக்கு எங்கிருந்து வரும்? அண்ணனயே தங்கச்சிக்குத் தாலி கட்டச் சொல்றீங்களா?"

பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை ஆயிற்றே, அதற்கு மேல் என்ன பேச முடியும்? மலர் முகம் சுண்டிப்போனது. அந்தப் பையன் காபியைக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

அப்போது மூலையில் நீ குச்சிப்பூச்சி வளர்த்த வலைக்கூண்டு கண்ணில் பட்டது. அதை வைத்து நாம் போடாத சண்டையா? பட்டுப்புழு வளர்க்கிறவள் என்ற திமிரில், ஒரு இழை நூலாவது தருமா உன் குச்சிப்பூச்சி என்று கேட்பேன். அதற்கு ரொம்ப நெருங்கிய சொந்தக்காரப் பூச்சி ஒன்று மரப்பட்டைக்கு அடியில் முன்னங்காலாலேயே பட்டு நூற்றுக் கூடாரம் கட்டுகிறது என்பாய். படத்தில் பார்த்தேன், குச்சிக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சரி, பார்க்க அதே மாதிரி இருக்கிற கும்பிடுபூச்சியாவது தம்பி முறை ஆகுமா என்றால், அது கரப்பான் வகையறா என்றாய். இலைப்பூச்சி தனிச்சாதி என்று நினைத்தேன், அதுவும் குச்சிப்பூச்சி வம்சத்தில் வெடித்த ஒரு கிளைதானாம். டைனோசர் நடமாடிய காலத்திலேயே இவற்றின் பாட்டன் பூட்டன்கள் இலை வேஷம் கட்டிவிட்டன என்று சொல்லும்போது உனக்கு என்ன ஒரு பெருமை, ஏதோ நம் தாத்தா கூத்தில் ராஜா வேஷம் கட்டியதைப் போல!

"ஒரே மாதிரி பொழச்சா ஒரே மாதிரி ஒடம்பு வந்துரும். அத வெச்சு மொற சொல்லாத" என்பாய். அதைத்தான் பெரியப்பாவிடம் எடுத்துவிட்டேன்.

"மூக்கப் பாத்து மொற சொல்லாதீங்க பெரியப்பா. அவங்க எந்தச் சாமிக்குப் பொங்க வெக்கறாங்கன்னு கேளுங்க."

பங்காளி என்றால் ஒரே குலதெய்வத்துக்கு ஒன்றாகப் பொங்கல் வைக்கவேண்டுமே. அவர்கள் கோயில் அரூர்ப் பக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனோம். நம் ஆட்கள் அங்கே பொங்கல் வைத்ததே இல்லை என்று பூசாரி அடித்துச் சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. பாப்பாரப்பட்டிப் பெண் ஒருத்தியை எந்தக் காலத்திலோ இந்த வகையறாவுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். விசாரித்தால் அது நம் தாத்தாவின் அத்தை! பங்காளி இல்லை அண்ணா, மாமன் மச்சான் முறை. திரும்பி வரும்போது பஸ் முழுக்கக் கேட்கும்படி, நான் அப்பவே சொன்னேன் என்றார் பெரியப்பா. நான் வாயை மூடிக்கொண்டேன். நம்புவாயா?

ஆனால் ஒரு சந்தேகம். அப்படியென்றால் அந்த மூக்கு நம் வீட்டு மூக்கேதானா? சீர்வரிசையோடு சேர்ந்து அந்த அத்தையோடு போனதா? இல்லை, கும்பிடுபூச்சி கதைதானா? நீ இருந்தால் விடியவிடியப் பேசியிருப்பாய். ஆண் வழியை மட்டும் எண்ணுகிற பெரியப்பாவிடம் உன் கூண்டைக் காட்டத்தான் ஆசை. நீ போன பிறகு மிஞ்சிய ஒற்றைப் பொட்டைப்பூச்சி, துணையே இல்லாமல் விதை விதையாய் முட்டை போட்டுவிட்டுச் செத்தது. குப்பை என்று கூட்டித் தள்ளப் போனேன், மலர்தான் தடுத்தாள். மழைக்கு எல்லாம் பொரித்துவிட்டன. கூண்டு முழுக்க நூல் நூலாய்க் குட்டிகள், உன்னைப் போலவே ஆடி ஆடி நடக்கின்றன. என் புழுக்களுக்கு இலை போட்ட கையோடு அவற்றுக்கும் கொய்யா இலை ஒடித்துப் போடுகிறேன். திட்டிக்கொண்டேதான்.

தை மாதம் முகூர்த்தம். மணவறைக்கு அவன் ஆடி ஆடி நடந்து வரும்போது ஊரே மாப்பிள்ளையைப் பார்க்கும், நான் உன்னைப் பார்த்துக்கொள்வேன். தாலி ஏறும்வரை அழமாட்டேன், சத்தியம். அதற்குப் பிறகு என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
உன் வாயாடித் தங்கச்சி,
மலருக்கு அத்தை, உன் பூச்சிகளுக்கும் இப்போது நான்தான் அத்தை.