சிவப்புப் பெட்டி ஏன் காலி?

அன்புள்ள அம்மா,

இதை யாரிடமும் காட்டாதே, நீ வேலை பார்க்கும் வீட்டில்கூட வாசித்துக் காட்டாதே. அப்பாவுக்குத் தெரியாமல், கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம், அங்கே இத்தாலியில், பெர்கமோவில் உன் முதுகுவலி குறைந்ததா, குளிர் விட்டதா? இங்கே பனி உருகித் தெருவெல்லாம் சேறு, பூனை குட்டி போட்டிருக்கிறது.

விஷயம் அப்பாவின் பிரேக் குழாய்த் தொழிற்சாலையைப் பற்றியது. ஸம்ஃபிரா என்று புது இயக்குநர் அம்மா வந்திருக்கிறார். தினமும் காலையில் அறையை விட்டு இறங்கி வந்து இயந்திரங்களுக்கு நடுவே பேசாமல் நிற்கிறாராம். முன்பிருந்தவர் எப்போதாவது வருவார், அதற்கு முந்தின நாள் தரைக்கு வண்ணம் பூசி, பூந்தொட்டி வைத்து, பழுதான குழாய்களைப் போடும் சிவப்புப் பெட்டியைக் காலி செய்துவிடுவார்கள், உனக்கும் தெரியும், பெட்டி நிறைந்திருந்தால் திட்டு விழும். இந்த அம்மாவுக்கும் அதையேதான் செய்கிறார்கள், ஆனால் இவர் தினமும் வருகிறாரே, வண்ணம் காயவே நேரமில்லை. அப்பாவோடு வேலை பார்க்கும் கோஸ்டிக்கா மாமா வீட்டுக்கு வந்திருந்தபோது அப்பாவிடம், "யோவ் விர்ஜில், அந்தம்மா பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குது, யாராச்சும் டிக்கெட் குடுங்கப்பா" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

போன வாரம் எங்கள் வகுப்பை அங்கே அழைத்துப் போனார்கள். நான் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்துக்கு அடியில் குனிந்து பார்க்கிறார், வேலை செய்கிறவரிடம் "இன்னிக்கு எது உங்களுக்குத் தொல்லை குடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறார். அப்பாவின் பிரிவுக்கு வந்ததும், "விர்ஜில், இந்தச் சிவப்புப் பெட்டி ஏன் எப்பவும் காலியா இருக்கு? நிறைஞ்சிருந்தா யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். காலியா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வராது" என்றார். அப்பா, "நம்ம ஆளுங்க சுத்தமா வேலை செய்றாங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். பழுதைப் பார்க்க ஒரு இயக்குநர் ஏன் இப்படி ஆசைப்படுகிறார் என்று எனக்கு யோசனையாகவே இருந்தது. நேற்று புளிக்க வைத்த முட்டைக்கோஸ் எடுக்க நிலவறைக்குப் போனால், பீப்பாய்க்குப் பின்னால் இரண்டு சாக்கு, முழுக்கப் பழுதான குழாய்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வெடிப்பு. அப்படியென்றால் கோளாறு இயந்திரத்தில்தானே? கண்ணுக்குத் தெரியாத வெடிப்போடு எத்தனை குழாய் வெளியே போயிருக்கும்? ஈஸ்டருக்கு நீ வரும் பேருந்தில் அப்படி ஒன்று இருந்தால்?

பொறுக்க முடியாமல் இன்று களி பரிமாறும்போது ஒரு குழாயை மேசைமேல் வைத்து, எல்லாமே ஏன் இதே இடத்தில் வெடிக்கிறது அப்பா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "உனக்கென்ன தெரியும்? என் வேலை போச்சுன்னா உங்கம்மா அங்கேயே கிடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே நிலவறைக்கு இறங்கிப் போனார். சாக்கை இழுக்கும் சத்தம் கேட்கிறது. ஆற்றில் கொட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது அம்மா. கொட்டிவிட்டால் அந்த இயந்திரத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. கடிதம் கிடைத்ததும் அவருக்கு போன் செய், நான் எழுதியதாகச் சொல்லாதே, நடந்ததை அந்த அம்மாவிடம் அவராகவே சொல்லிவிடச் சொல். உன் பேச்சைத்தான் கேட்பார்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள், படியில் கனம் தூக்காதே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். முத்தங்களுடன், உன்

அப்பா கதவைத் தட்டுகிறார். "இலிங்கா, முழிச்சிட்டுத்தானே இருக்கே? வா, சாக்க கார்ல ஏத்த ஒரு கை புடி. காலையில அந்தம்மா வர்றதுக்குள்ள இது அந்தச் சிவப்புப் பெட்டியில இருக்கணும்" என்கிறார், நான்