வலது பக்கம் இழுக்கிற ரம்பம்

மச்சான், இன்னும் என்மேல கோவமா?

மரம் அறுக்கிற மிஷின் வலது பக்கமா இழுக்குதுன்னு நேத்து நீ சொன்னதுக்கு, "உனக்குப் பிடிக்கத் தெரியலடா"ன்னு கத்திட்டேன். இப்ப வெளிச்சத்துல பாத்தா தப்பு என்னோடது. மணிக்கட்டு வலியில, செயினோட வலது பல்லுக்கு அஞ்சு தடவ அரம் போட்டிருக்கேன், இடது பல்லுக்கு ரெண்டே தடவ. செயின் ஓடுற பாரையும் திருப்பிப் போடல. ஒரு பக்கம் தேஞ்சு கெடக்கு.

சரி பண்ண நேரமில்ல, வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். போன் போட்டா நீ கட் பண்ற. எனக்கு இன்னிக்கு வேற தோட்டத்துல வேலை, ராத்திரி அங்கயே தங்கல். நாளைக்குக் காலைல வந்து நானே சரி பண்றேன். அதுவரைக்கும் மிஷினத் தொடாத. நீ அறுக்க வேண்டிய அந்தச் சாஞ்ச மரத்துல வெட்டு வளைஞ்சா மரம் எந்தப் பக்கம் விழும்னு சொல்ல முடியாது. உன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

சோறு மூடி வெச்சிருக்கேன். முட்டை ரெண்டும் உனக்குத்தான், வீராப்புல பட்டினி கெடக்காத.

ஓரத்துல எழுதுறேன்: உன்ன விட்டா இங்க எனக்குப் பேச ஆளே இல்லடா.

மறுநாள் காலை: வந்து பாத்தேன். இந்தச் சீட்டு நான் மடிச்சு வெச்சபடியே பிரிக்காம கெடக்கு. நீ மிஷினோட வேலைக்குப் போயிட்ட.