கப்பிக்குப் போட்ட எண்ணெய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலி பழகிப்போய்விட்டது, உன் அம்மா நலம், அவள் நலமில்லாமல் போயிருக்கக்கூடிய ஒரு காரியமும் நடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். போன கடிதத்தில் நீ கேட்டவை இரண்டு. நுழைவுத் தேர்வுப் புத்தகத்தில் கப்பிக் கணக்கு வரமாட்டேன் என்கிறது என்பது ஒன்று, சித்தப்பா மாடியைக் காலி செய்து போவதற்குள் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் அப்பா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

மேசைமேல் ஐந்து கிலோ கட்டை, கப்பி வழியாகக் கயிற்றில் தொங்கும் மூன்று கிலோ எடை, மேசையில் பத்து நியூட்டன் உராய்வுத் தடைவிசை. தொங்குவதன் எடை முப்பது நியூட்டன், ஆகவே கயிற்றின் இழுவிசையும் முப்பது என்று போட்டிருக்கிறாய். வகுப்பில் பாதிப் பேர் வருஷா வருஷம் செய்கிற தவறு, என் மகளும் செய்வாள் என்று நினைக்கவில்லை. கீழே இழுப்பதும் முப்பது, மேலே இழுப்பதும் முப்பது என்றால் அந்த எடை எப்படி வேகம் எடுக்கும்? இரண்டு பொருளுக்கும் தனித்தனியாகப் படம் போடு, ஒவ்வொன்றுக்கும் நியூட்டனின் இரண்டாம் விதியைத் தனியாக எழுது. தொங்குவதற்கு, முப்பதிலிருந்து இழுவிசையைக் கழித்தால் முடுக்கத்தைப் போல மூன்று மடங்கு. மேசைமேல் இருப்பதற்கு, இழுவிசையிலிருந்து பத்தைக் கழித்தால் முடுக்கத்தைப் போல ஐந்து மடங்கு. இரண்டையும் கூட்டினால் இழுவிசை அடிபட்டுப் போகும், இருபதை எட்டால் வகுத்தால் முடுக்கம் இரண்டரை, இழுவிசை இருபத்திரண்டரை. தடைவிசையை எந்தப் பக்கம் போடுவது என்றும் கேட்டிருந்தாய். பொருள் எந்தப் பக்கம் நகரும் என்று முதலில் முடிவு செய், தடைவிசை அதற்கு எதிர்ப்பக்கம். பாரத்தை ஏற்றும்போது அது நமக்கு எதிரி, இறக்கும்போது நம் கட்சி. தேர்வில் இதை மறந்தால் மதிப்பெண் போகும். வெளியே மறந்தால் என்ன போகும் என்பதைச் சென்ற வாரம் பார்த்தேன்.

சித்தப்பாவும் நானும் ஏன் பேசுவதில்லை என்பது உனக்கு உன் அம்மா சொன்ன வடிவில்தான் தெரியும், அவள் எதையும் பாதி கரைத்துத்தான் சொல்வாள். துறைத் தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது, பல்லழகருக்குப் போனது. எப்போதும் பல் தெரிகிற முகம் என்பதால் ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பெயர். அது போகட்டும். அவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில், அவருடைய நண்பன் என்ற முறையில் உன் சித்தப்பா மேடையேறி, "எங்க அண்ணன் போடுற கணக்குல உராய்வே கிடையாது, அதான் எல்லாம் வழுக்கிக்கிட்டுப் போயிடுது, பதவி உட்பட" என்றான். கூட்டம் சிரித்தது, பல்லழகர் கண்ணில் நீர் வரச் சிரித்தார், நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றோடு சரி. மாடியில் அவன், கீழே நாங்கள், நடுவில் உன் அம்மா. மின்கட்டணம், தண்ணீர்த் தொட்டி, யார் வெளிக்கதவைப் பூட்டுவது, எல்லாம் அவள் வழியாகத்தான் ஏறும், இறங்கும். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா" என்று அவள் கேட்காத வாரம் கிடையாது. நான் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாமான் ஏற்றும் நாள் வந்தது. உன் சித்தி முன்னாலேயே புது வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த இரும்பு பீரோ மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது, மாடி கட்டியபோது செங்கல் ஏற்றிய கப்பி பால்கனிக்கு மேலே கொக்கியில் இன்னும் தொங்குகிறது, அதன் வழியாக இறக்கிவிடலாம் என்று லாரி ஆட்கள் இருவரும் சொன்னார்கள். நான் முன்முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், படிப்பதுபோல் இருந்தேன் என்று வைத்துக்கொள். முதலில் புத்தகப் பெட்டிகள் இறங்கின. துருப்பிடித்த கப்பி சுழல மனமில்லாமல் கிறீச்சிட்டது. "நல்லா பிடிக்குது சார், ஒரு ஆள் கையே போதும்" என்றான் மேலே நின்றவன், மற்றவன் லாரியில் அடுக்கப் போய்விட்டான். உன் சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த மாதிரிச் சத்தம் ஆகாது. உள்ளே போய்த் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து வந்து கப்பியில் தாராளமாக விட்டான். நான் பேப்பருக்கு மேலே பார்த்தேன். தொண்ணூறு கிலோவாவது இருக்கும் பீரோ, அதில் மூன்றில் ஒரு பங்கை அந்தத் துருதான் தாங்கப்போகிறது, அதை எடுத்துவிட்டால் முழுப் பாரமும் கைக்கு வரும், கயிற்றில் இறங்குகிற எண்ணெயில் பிடியும் நிற்காது. எல்லாம் ஒரு நொடியில் தெரிந்தது. டேய், எண்ணெய் வேண்டாம் என்று தலையைத் தூக்கிச் சொன்னால் கேட்கிற தூரம். நான் எழுந்து சமையலறைக்குப் போய், "இறக்குறதுக்கு எண்ணெய் போடக் கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, "தம்பி, உங்க அண்ணன் சொல்றாரு" என்று தொடங்கும்போது பீரோ பால்கனியைத் தாண்டி அந்தரத்தில் இருந்தது. அவள் நின்றது அதற்கு நேர் கீழே.

கயிற்றைப் பிடித்திருந்தவனின் கை வழுக்கியது, பீரோ சரேலென்று இறங்கியது, உன் சித்தப்பா பாய்ந்து கயிற்றைப் பற்றினான். விட்டிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கயிறு ஓட ஓட, "அண்ணி, தள்ளுங்க, தள்ளுங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே பிடித்திருந்தான். நான் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டான். பீரோ ஒரு பக்கம் நசுங்கியது. அம்மா உன்னிடம் போனில் அவனுக்குச் சின்னச் சிராய்ப்பு என்றாளாம். சின்னச் சிராய்ப்பு இல்லை. இரண்டு கையிலும் கட்டு, தண்ணீர் டம்ளரை மணிக்கட்டுகளுக்கு நடுவில் வைத்துக் குடித்தான்.

புறப்படும்போது வாசலில் நின்றான், நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அவன் உன் அம்மாவைப் பார்த்து, "அண்ணன் சரியாத்தான் சொல்லி அனுப்பினாரு அண்ணி, நான்தான் காதுல வாங்கல. அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றான். செய்தி அவன் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். உன் அம்மா என் பக்கம் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கொடுத்த செய்தியைக் கைமாற்றாமல் உள்ளே போய்விட்டாள். நானும் அவனும் மட்டும் நின்றோம். நான் வாயைத் திறந்தேன், திறந்து, பீரோக் கதவு இனி மூடுமா என்று லாரிக்காரனிடம் கேட்டேன். பிறகு லாரி போய்விட்டது, உன் சித்தப்பாவும் அதிலேயே ஏறிப் போய்விட்டான். நீ கேட்ட இரண்டாவதற்குப் பதில் இதுதான் மகளே, பேசவில்லை.

மேடையில் அவன் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, என்னைப் பெரிய மனம் படைத்தவனாக நீ நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். ஆனால் அதற்கு ஈடாக அவன் உள்ளங்கையை நான் கேட்கவில்லை. மாடியில் இப்போது நடமாட்டம் இல்லை. உன் அம்மா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள், அந்தப் பேச்சின் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நீ மீதிக் கணக்குகளைப் போட்டு அனுப்பு, படம் போடாமல் விடையை மட்டும் அனுப்பினால் திருத்த மாட்டேன். வேலையும் படிப்பும் சேர்ந்தால் உடம்பு தாங்காது, ஓய்வு நாளில் நன்றாகத் தூங்கு. நினைத்தது நடந்து நீ மேலே மேலே வர வேண்டும், அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, சித்தப்பாவின் புது எண்ணை எனக்கு அனுப்பு. உன் அம்மாவிடம் இருக்கிறது, பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், அவளிடம் கேட்டால் அவளே போட்டுப் பேசிவிடுவாள். நீயும் எதையும் சொல்லி வைக்க வேண்டாம், எண் மட்டும் போதும். கட்டுப் போட்ட கையோடு அவன் போனை எடுக்க நேரம் பிடிக்கும், மணி ஓய்ந்தால் மறுபடியும் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா