வசனம் நான் எழுதவில்லை, எஸ்தர்

சிங்கப்பெருமாள் கோவில், 1991

என் அன்புச் சம்பந்தி எஸ்தருக்கு,

உன் மகனுக்கும் என் மகளுக்கும் கல்யாணம் என்று பஸ்ஸில் நாம் பேசிச் சிரித்ததில் பிறந்த உறவு இது. இரண்டுக்கும் இன்னும் பால்பல்லே முழுதாக விழவில்லை. ஆனாலும் உன்னை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கோபமாக இருக்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமையாசிரியர் மேல் கோபம், என் மேல் கோபம். காமாலை என்று தெரிந்தும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு மூன்று வாரம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தாயே, உன் மேலும் கோபம். செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நேரில் திட்ட நீ இருந்தால் நான் ஏன் காகிதத்தைத் தேடப்போகிறேன்?

இப்போது தனியாகத்தான் போகிறேன். அதே பை, அதே முகமூடிகள், அதே கஞ்சிரா. மே மாதம் குண்டு வெடித்ததற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பை தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாலே போலீஸ் திறந்து பார்க்கிறது. "உள்ள இன்னாமா?" என்று கேட்ட கான்ஸ்டபிளிடம் "மூஞ்சிங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீயாக இருந்தால் ஒன்றை எடுத்து அவருக்கே மாட்டிவிட்டிருப்பாய்.

"நாடகப் பட்டறை" என்று எழுதிக்கொண்டு போனால் இன்னமும் அதே கதைதான். போன வாரம் போன நடுநிலைப் பள்ளியில் சத்துணவு ஆயா கேட்டது: "பட்டறைன்னா இன்னாமா, வெல்டிங்கா? பொட்டப் புள்ளைங்களுக்குமா?" இல்லை ஆயா, நடிக்கக் கற்றுக்கொடுப்பது என்றேன். "அது எதுக்குக் கத்துத் தரணும்? எல்லாம் நல்லாத்தான் நடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டது. மூன்று நாளில் அந்தப் பள்ளியில் நான் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு, பெரியவர்கள் வாயிலிருந்து, அதுதான்.

வல்லக்கோட்டை போகிற பஸ்ஸில் நடுவழியில் இறங்க வேண்டிய ஊர். நாலு பேர் கண்ணில் படக்கூடிய கடிதம் என்பதால் ஊர்ப் பேரை எழுதவில்லை, பிள்ளைகளின் பேரையும் மாற்றியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை உன் "வாத்தியார் விளையாட்டு" வைத்தேன். ஒரு பிள்ளை வாத்தியார், மற்றவர்கள் அவரவராகவே இருக்க வேண்டும். வசனம் கிடையாது. "நம்ம எழுதிக் குடுத்தா அது நம்ம நாடகம்டி. அதுங்க வாயில வர்றதுதான் அதுங்களோடது" என்று நீ வகுத்த சட்டம். தலைமையாசிரியர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரமாகப் பெற்றோர் சிலர் நின்றார்கள்.

அமுதா எழுந்து வந்தாள். ஏழாம் வகுப்பு, ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வருகிற பெண். இரண்டு நாளாக வாயே திறக்காதவள், மேசை மேலிருந்த மர ஸ்கேலை எடுத்துக்கொண்டாள். கையில் இல்லாத ரிஜிஸ்டரைப் பிரித்து, விரலால் தடவி, பேர் சொன்னாள். "கீதா, ரமேஷு. ரெண்டு பேரும் வாளிய எடுத்துக்கினு போயி கக்கூஸ் கழுவிட்டு வாங்க."

வகுப்பு முழுவதும் கத்தியது. "தப்பு டீச்சர்! அவ தப்பா சொல்றா! கீதா இல்ல, காலனிப் பசங்கதான் கழுவுவாங்க!" அதில் ஒரு பிள்ளைக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எஸ்தர். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால் திருத்துவார்களே, அப்படித் திருத்தினார்கள்.

அமுதா ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இப்ப நான்தான் டீச்சர். நான் சொன்னா சொன்னதுதான்."

"சரி டீச்சர்" என்று எழுந்துவிட்டாள் கீதா. இல்லாத வாளியைத் தூக்கிக்கொண்டு, கனத்துக்கு ஒரு தோளைச் சாய்த்து நடந்தாள் பார், நீ இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பாய்.

எழுந்து நின்றது அவள் அப்பா. ரோட்டோர நிலத்தில் பிளாட் போட்டு விற்கிறவர், பள்ளிக்கு மைக் செட் வாங்கித் தந்தவர். "யாரப் பாத்து யாரு கக்கூஸ் கழுவச் சொல்றது?" என்று கத்தினார். விளையாட்டில், காற்றில், இல்லாத வாளியைத் தன் பெண் தூக்கியதற்கு அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது. தினமும் நிஜ வாளியைத் தூக்குகிற பெண் அவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "அந்தப் பொண்ணு அசெம்பிளில மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா டி.சி. குடுத்துடுவேன்" என்றார். தினமும் கழுவ வைப்பதற்கு யார் சார் மன்னிப்புக் கேட்டது என்று கத்தினேன். அவர் பதறவே இல்லை. டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஏம்மா கோவப்படுறீங்க? அந்த வசனத்த நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. பொண்ணு மேல தப்பில்லன்னு ஆயிடும். விஷயம் முடிஞ்சிது."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

போடும்போது உன்னைத்தான் நினைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில், இதே விளையாட்டில், ஒரு பையன் தண்ணீர் குடிக்கத் தனி டம்ளரைத் தேடுவதாக நடித்தானே? நான் வாயைத் திறக்கப் போனேன். நீ என் கையைக் கிள்ளினாய். "சண்ட போட்டா இஸ்கூல் கேட்ட மூடிடுவாங்க. அப்புறம் இந்த ரெண்டு மணி நேரமும் இல்லாம பூடும் அதுங்களுக்கு" என்றாய். அதைத்தான் விவேகம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அந்தப் பையன் இன்று எந்த டம்ளரில் குடிக்கிறான், சொல்லேன்?

அன்றைக்குப் பதற்றத்தில் முகமூடிப் பையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை போய் எடுத்துக்கொண்டு திரும்பினால், பஸ் நிறுத்தத்தில் அமுதா நிற்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா. செங்கல் சூளையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் செம்மண்.

அமுதாதான் நடந்ததைச் சொன்னாள். அசெம்பிளியில் என் கடிதத்தை மைக்கில் படித்திருக்கிறார் தலைமையாசிரியர். நம் பள்ளியில் அப்படி எதுவுமே நடக்கவில்லை, எல்லாம் அந்தம்மாவின் கற்பனை என்று சொல்ல, எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள். மணி அடித்ததும் அதே வாளி, அதே விளக்குமாறு, அமுதாவும் இன்னும் இரண்டு காலனிப் பெண்களும். நானும் போகிறேன் என்று எழுந்த கீதாவை அதட்டி உட்கார வைத்துவிட்டார்களாம்.

"அது நான் சொன்னது டீச்சர். நீங்க எழுதினேன்னு ஏன் எழுதிக் குடுத்தீங்க?" என்றாள்.

உன் டி.சி. என்று என்னவோ ஆரம்பித்தேன்.

"மூணு நாளா சொந்தமா பேசு, சொந்தமா பேசுன்னீங்க. பேசினேன். இப்ப அதையும் புடுங்கிக்கினீங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் அம்மாதான் பேசினார். "இது கக்கூஸ் கழுவுதுன்னு எனக்கே தெரியாதுமா. வூட்ல ஒரு வார்த்த சொன்னதில்ல. நாடகத்துல சொன்னப்பறம்தான் தெரிஞ்சிது. இப்ப ஊரே அது பொய்யின்னுது. டி.சி. குடுத்தா குடுக்கட்டும், அடுத்த ஊர்ல இஸ்கூல் கீது. எம் பொண்ணு பொய் சொன்னான்னு மட்டும் இருக்கக் கூடாது."

இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, பைக்குள்ளிருந்த நோட்டில் தாளைக் கிழித்து, அங்கேயே எழுதினேன். கல்வி அலுவலருக்கு. நான் முன்பு கொடுத்த கடிதம் பொய் என்று எழுதினேன். வசனம் நான் எழுதவில்லை, காலனிப் பிள்ளைகள் கக்கூஸ் கழுவுவது ஏழாம் வகுப்பு மாணவி சொன்னது என்று அவள் நிஜப் பேரையே போட்டு எழுதி, அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தாள். ஓர் இடத்தில் நின்றாள். "சொன்னதுன்னு போட்டுக் கீறீங்க டீச்சர். நடந்ததுன்னு போடுங்க."

போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே அவள் பேரெழுதினாள், அவள் அம்மா கைநாட்டு வைத்தார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் கல்வி அலுவலர் ஆபீசுக்குப் போகிறோம், எஸ்தர். இனி இந்தப் பக்கம் எந்தப் பள்ளியும் என்னைக் கூப்பிடாமல் போகலாம். உன்னோடு இத்தனை வருஷம் நடந்து சம்பாதித்ததெல்லாம் ஒரு தாளோடு போகலாம். போகட்டும். அதை வாங்கிக்கொண்டதற்குச் சீல் போட்டுக் கையில் கொடுக்கும்வரை அந்த ஆபீஸ் வாசலை விட்டு நகரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் சம்பந்தி,
கௌரி